ஆசிரியர் போன பிறகும் நடக்கிற ஆய்வகம்: எத்தியோப்பியாவில் கற்பித்து அறிந்தவை

எத்தியோப்பியாவுக்கு ஆசிரியராகப் போவது இந்தியர்களுக்குப் புதிதன்று. பேரரசர் ஹைலி செலாசி காலத்திலேயே அந்நாட்டுப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள், குறிப்பாகக் கேரளத்தவர், கணிதமும் அறிவியலும் கற்பித்தார்கள். 2000-க்குப் பிறகு அங்கே பல்கலைக்கழகங்கள் வேகமாகப் பெருகியபோது, ஆந்திரத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் கல்லூரிப் பேராசிரியர்கள் ஒப்பந்த அடிப்படையில் போகத் தொடங்கினார்கள். தருமபுரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்த நானும் 2012-இல் அப்படிப் போய், 2021-இல் ஊர் திரும்பினேன். இனிமேல் அங்கேயோ அதுபோன்ற நெருக்கடியில் இருக்கிற வேறு நாட்டுக்கோ கற்பிக்கப் போகிறவர்களுக்கும், அத்தகைய பல்கலைக்கழகங்களுக்கு உதவ நினைக்கிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன். அந்த ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்றுதான்: அரசியலும் பொருளாதாரமும் ஒருசேர நெருக்குகிற நாட்டில், அங்கேயே பிறந்து அங்கேயே இருக்கப்போகிற இளம் ஆசிரியரையும் ஆய்வக உதவியாளரையும் வளர்ப்பதுதான் உயர்கல்வியை வளர்ப்பது, கட்டடம், கருவி, பாடத்திட்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நிலைமையைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு தேவை. தலைநகர் அடிஸ் அபாபாவில் பல்கலைக்கழகக் கல்லூரி 1950-இல் தொடங்கியது. அதுவே 1961-இல் ஹைலி செலாசி பல்கலைக்கழகமாகி, பேரரசர் வீழ்ந்த பிறகு அடிஸ் அபாபா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. 1990-களின் நடுப்பகுதியில் நாடு முழுவதற்கும் அதுவும், கிழக்கே வேளாண்மைக்காக அமைந்த அலெமாயாவும் (இன்றைய ஹராமாயா) என இரண்டே பல்கலைக்கழகங்கள் இருந்தன. இன்று அரசுப் பல்கலைக்கழகங்கள் மட்டும் நாற்பதுக்கு மேல் உள்ளன. முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை என்று அவற்றைத் தொடங்கிய காலவரிசைப்படி அங்கே வகைப்படுத்திப் பேசுவார்கள். நான் பணியாற்றியது கிழக்கு ஆப்பிரிக்காவின் பிளவுப் பள்ளத்தாக்கை (Rift Valley) ஒட்டிய ஊர் ஒன்றில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகம்.

இந்த வளர்ச்சிக்கு ஆசிரியர்கள் எங்கிருந்து வந்திருக்க முடியும்? இராணுவ ஆட்சி 1974 முதல் 1991 வரை நீடித்தது. அதன் நடுவே, 1977-78-இல் ‘செம்பயங்கரம்’ (Red Terror) என்று அழைக்கப்பட்ட அரசு வன்முறைக் காலத்தில் படித்த இளைஞர்களும் மாணவர்களும் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்களில் பலர் நாட்டை விட்டே போனார்கள். ஆட்சி மாறிய பிறகும், 1993-இல், அடிஸ் அபாபா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள் 42 பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அனுபவமுள்ள ஒரு தலைமுறை ஏறக்குறைய முழுவதுமாகக் காணாமல்போன நிலையில்தான் பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கை பலமடங்கானது. அதன் விளைவை என் துறையிலேயே கண்டேன். இளங்கலையை நல்ல மதிப்பெண்ணுடன் முடித்தவரைக் கிராஜுவேட் அசிஸ்டென்ட் என்று அடுத்த கல்வியாண்டிலேயே பணியமர்த்தி, தமக்கு இரண்டு வகுப்பு பின்னால் படித்தவர்களுக்கே பாடம் நடத்தச் சொல்வார்கள். அவர்கள் திறமைசாலிகள், உழைப்பாளிகள். ஆனால் ஒரு பாடத்தை இருபது ஆண்டுகள் கற்பித்தவர் எங்கே நிதானிப்பார், எங்கே கடந்துபோவார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பே அவர்களுக்கு அமையவில்லை. வெளியிலிருந்து போகிற மூத்த ஆசிரியர் நிரப்ப வேண்டிய இடம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

நடைமுறையில் அந்த இடத்தில் நம்மை வைப்பதில்லை. வெளிநாட்டுப் பேராசிரியருக்கு டாலரில் ஊதியம் தருகிறோம், ஆகவே அதிகமான வகுப்புகளைக் கொடுக்க வேண்டும் என்பதே நிர்வாகத்தின் கணக்கு. எங்களவர் பலரும் வாரம் முழுவதும் முதலாண்டு வகுப்புகளை எடுத்துவிட்டு ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் போன மறுநாள் அந்த வகுப்பு மறுபடியும் ஆளில்லாமல் நின்றது. நான் துறைத்தலைவரிடம் பேசி, என் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் இளம் ஆசிரியரை இணை ஆசிரியராகப் போடச் செய்தேன். முதல் பருவத்தில் அவர் என் வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பார், பயிற்சிக் கணக்குகளை நடத்துவார். அடுத்த முறை பாதிப் பாடத்தை அவர் எடுக்க, நான் பின்வரிசையில் இருப்பேன். அதற்கடுத்த முறை முழுப்பாடமும் அவருடையது. வினாத்தாளை மட்டும் சேர்ந்து உருவாக்குவோம். இந்த ஏற்பாட்டுக்கு எந்தத் திட்ட நிதியும் தேவைப்படவில்லை, துறைத்தலைவரின் ஒரு கையெழுத்தே போதுமாக இருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு ஒப்புதல் கேட்டுவிடுவது நல்லது. பணியில் சேர்ந்து வகுப்பு அட்டவணை அச்சாகிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம்.

ஆய்வகத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவர் சேர்க்கையில் நூற்றுக்கு எழுபது பேர் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளுக்குப் போக வேண்டும் என்று 2008-இல் எத்தியோப்பிய அரசு ஒரு கொள்கையை வகுத்தது. தொழில்வளர்ச்சிக்கு ஆசைப்படும் ஏழை நாடு அப்படி நினைப்பதில் தவறில்லை. ஆனால் எழுபது பேருக்கு ஆய்வகம் வேண்டும். எங்கள் துறையில் ஒரு பிரிவுக்கு அறுபது மாணவருக்கு மேல் இருந்தார்கள். ஒழுகாத பியூரெட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே கட்டடத்தின் ஸ்டோரில் அணு உட்கவர் நிறமாலைமானி ஒன்று பெட்டிகூடப் பிரிக்காமல் நின்றிருந்தது. கருவி வந்துவிட்டது, அதற்கு வேண்டிய அசிட்டிலீன் சிலிண்டரும், ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனியாகத் தேவைப்படும் குழிவு எதிர்மின்வாய் விளக்குகளும் வரவில்லை. அவற்றைத் தனியாக வரவழைக்க வெளிநாட்டுச் செலாவணி வேண்டும். வங்கியில் டாலருக்கு வரிசையில் நிற்கும் நாட்டில் மருந்துக்கும் எரிபொருளுக்கும் உரத்துக்கும் அடுத்துத்தான் பல்கலைக்கழகத்தின் முறை வரும்.

இதற்குக் காரணமான நடைமுறையைத் தெரிந்துகொண்டால்தான் தீர்வு பிடிபடும். எத்தியோப்பியாவின் நிதியாண்டு நம் காலண்டர்படி ஜூலை 7-இல் முடிகிறது. அதற்குள் செலவாகாத பணம் கருவூலத்துக்குத் திரும்பிவிடும். எனவே கடைசி மாதங்களில் டெண்டர் அவசர அவசரமாக நடக்கும். குறைந்த விலை சொன்னவருக்கே ஆணை போகும். குறைந்த விலை சொல்ல வேண்டுமானால் உதிரிப்பொருள்களையும் பயிற்சியையும் விட்டுவிட்டுக் கருவிக்கு மட்டும் விலை போடுவார்கள். இங்கே ஆசிரியரால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விவரக்குறிப்பை நிதியாண்டின் தொடக்கத்திலேயே எழுதித் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். அதில் கருவியோடு இரண்டு ஆண்டுக்கு வேண்டிய நுகர்பொருள், நிறுவித் தருதல், ஆய்வக உதவியாளருக்கு நேரடிப் பயிற்சி, மின்னழுத்தச் சீராக்கி ஆகிய அனைத்தையும் பிரிக்க முடியாத ஒரே உருப்படியாகக் காட்ட வேண்டும். விவரக்குறிப்புக் குழுவில் ஆய்வக உதவியாளரும் இருக்க வேண்டும். எங்கள் ஆய்வக உதவியாளர் வயதில் மூத்தவர்; எல்லோரும் அவரை மரியாதையாகக் ‘காஷே’ என்றே அழைப்பார்கள். ஆய்வகத்தின் எந்தக் குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மின்சாரம் எந்த நாட்களில் தாழும் என்பதை அவர்தான் அறிந்திருந்தார். முனைவர் பட்டம் பெற்ற நாங்கள் ஐந்து பேர் கூடி எழுதிய பட்டியலில் விட்டுப்போனதை அவர் ஒரே பார்வையில் சொன்னார்: வாலை வடிகலனின் சூடேற்றும் கம்பிச் சுருள். அந்த ஊரின் நீர் அவ்வளவு கடினமானது. சில மாதங்களிலேயே சுருளின்மேல் விரல் தடிமனுக்குச் சுண்ணாம்புப் படிவு ஏறிவிடும், வாலைவடிநீர் நின்றால் மொத்த ஆய்வகமும் நின்றுவிடும். மாற்றுச் சுருளும், படிவை நீக்க அமிலமும் பட்டியலில் சேர்ந்த பிறகு அந்தத் துறையில் வாலைவடிநீர்ப் பஞ்சம் பெரும்பாலும் தீர்ந்தது.

விலையுயர்ந்த கருவிக்காகக் காத்திருக்காமல் செய்யக்கூடிய சோதனைகளைக் கொண்டே பாடத்தை அமைப்பது அடுத்த வேலை. பிளவுப் பள்ளத்தாக்கின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், அங்கே சில கிணறுகளில் அது 10 மில்லிகிராமையும் தாண்டும். வோஞ்சி சர்க்கரைத் தோட்டக் குடியிருப்புகளில் ஆழ்கிணற்று நீரைக் குடித்த தொழிலாளர்களுக்கு எலும்புகளே பாதிக்கப்பட்ட வரலாறு மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகளின் ஃபுளோரைடால் பழுப்பேறிய பற்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, முதல் வகுப்பில் எதிரே சிரித்த மாணவர்களின் பற்களைக் கண்டவுடன் என்ன பாடம் நடத்த வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

சிர்க்கோனியமும் அலிசரின் சாயமும் சேர்ந்து தரும் சிவப்பு நிறம், ஃபுளோரைடு கூடக்கூட மங்கி மஞ்சளாகும். இது பழைய முறை. இன்றைய ஆய்விதழ்கள் இதை ஏற்பதில்லை. ஆனால் இதற்கு வேண்டியவை சில கிராம் சாயம், சில கிராம் சிர்க்கோனியம் உப்பு, சோடியம் ஃபுளோரைடு, அமிலம், வாலைவடிநீர், ஒரே அளவான சோதனைக் குழாய்கள் மட்டுமே. செறிவு தெரிந்த கரைசல்களை வரிசையாக நிறுத்தி, மாணவர் தம் ஊர்க் கிணற்று நீரை அதே அளவில் ஊற்றி, வெள்ளைத் தாளின்மேல் வைத்து, மேலிருந்து கீழாகப் பார்த்து எந்தக் குழாயோடு நிறம் ஒத்துப்போகிறது என்று சொல்ல வேண்டும். செறிவு மிகுந்த நீரை முதலில் வாலைவடிநீரால் நீர்க்க வேண்டும் என்பதும், சல்பேட்டும் பாஸ்பேட்டும் முடிவைக் குழப்பும் என்பதும், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரிவதால் மாதிரியைப் பிளாஸ்டிக் குப்பியில் எடுக்க வேண்டும் என்பதும் இதன் வழியாகவே பாடமாகிவிடும். குடித்துவிட்டு எறியப்படும் குடிநீர்ப் போத்தல்களே எங்களுக்கு மாதிரிக் குப்பிகள் ஆயின. விடுமுறைக்குப் போய்த் திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் ஊரிலிருந்து ஒரு போத்தல் நீர் கொண்டுவந்து, அதில் கிணற்றின் பெயரையும் நாளையும் எழுதித் தந்தார்கள். ஒரே பருவத்தில் சுற்றுவட்டாரக் கிணறுகளின் தோராயமான வரைபடம் ஒன்று துறையின் சுவரில் தொங்கியது. அதைப் பார்த்த பிறகே ஃபுளோரைடு செறிவை நேரடியாக அளக்கும் ஃபுளோரைடு மின்வாய் வாங்கப் பல்கலைக்கழகம் பணம் ஒதுக்கியது. அது வந்தபோது அதைக் கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் ஏற்கனவே இருந்தார்கள்.

நீக்கும் முறைகளிலும் நம் நாட்டு அனுபவம் அவர்களுக்கு உதவியது. படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு ஃபுளோரைடை வீழ்படிவாக்கும் நல்கொண்டா முறை 1970-களில் நாக்பூர் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தில் உருவானது. அது எத்தியோப்பியாவிலும் முயன்று பார்க்கப்பட்டது. எலும்புக்கரியை வடிகட்டியாகப் பயன்படுத்துவதும் அங்கே நடைமுறையில் இருந்தது. இரண்டையும் மாணவர்கள் ஒப்பிட்டார்கள். படிகார அளவு தவறினால் நீரின் சுவை மாறுகிறது, கசடை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் எழுகிறது. எலும்புக்கரியோ மலிவானது, ஆனால் எலும்பு பட்ட நீரைக் குடிக்கச் சில குடும்பங்கள் தயங்கின. வேதியியல் மாணவர் வீட்டுக்காரம்மாவிடம் பேசித்தான் ஆக வேண்டும் என்ற நிலை அப்போது வந்தது. நாட்டின் தென்மேற்கிலுள்ள ஜிம்மா பல்கலைக்கழகத்தில் இது புதிதன்று. 1983-இல் சுகாதார அறிவியல் நிறுவனமாகத் தொடங்கிய நாள்முதல் அங்கே மருத்துவம், செவிலியம், மருந்தியல், ஆய்வகம் படிப்பவர்களை ஒரே குழுவாக்கிச் சுகாதார நிலையங்களுக்கு அனுப்பிப் பழக்கும் மரபு வேரூன்றியிருக்கிறது. வறிய நாட்டின் பல்கலைக்கழகம் தன் மக்களுக்கு எதற்குத் தேவை என்ற கேள்விக்கு நான் கண்டவற்றுள் மிக நேர்மையான பதில் அதுதான். பணக்கார நாடுகளும்கூட அதைக் கற்றுக்கொள்ளலாம்.

மொழி இன்னொரு தடை. தொடக்கப்பள்ளியில் அம்ஹாரிக், ஒரோமோ, திக்ரிஞ்ஞா, சிடாமா எனத் தாய்மொழியில் படித்தவர்கள் ஒன்பதாம் வகுப்பில், சில பகுதிகளில் அதற்கு முன்பே, ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். அதைக் கற்பிக்கும் ஆசிரியரும் அதே வழியில் வந்தவர்தான். தமிழ்வழியில் படித்துக் கல்லூரியில் முதன்முறையாக ஆங்கிலப் பாடநூலைத் திறந்தவர்களுக்கு இதனால் வகுப்பில் நிலவும் மௌனம் பழக்கமானது. வகுப்பில் கேள்வி கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். விளங்கவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நான் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, ஐந்து நிமிடம் தங்கள் மொழியில் தங்களுக்குள் பேச விட்டுவிட்டு, பிறகு குழுவில் ஒருவரை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். ஐந்து பேருக்கு ஒரு தலைவர் என்ற குழுமுறை அங்கே அரசே கொண்டுவந்தது. கட்சிக் கண்காணிப்புக்கும் அது பயன்படுகிறது என்ற அச்சம் மாணவரிடையே பரவலாக இருந்ததால், ஆய்வகக் குழுக்களை நான் ஒவ்வொரு பருவமும் கலைத்து மாற்றினேன், தலைவர் பொறுப்பையும் வாரம் ஒருவருக்குச் சுற்றவிட்டேன். அதற்குப் பிறகு பேச்சு இளகியது.

பள்ளி அடித்தளம் எவ்வளவு பலவீனமாக இருந்தது என்பது நான் திரும்பிய பிறகுதான் நாட்டுக்கே வெளிப்படையாகத் தெரிந்தது. வினாத்தாள் கசிவையும் காப்பியையும் தடுக்க, 2022-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேசியத் தேர்வைப் பல்கலைக்கழக வளாகங்களுக்குள்ளேயே வைத்து நடத்தினார்கள். எழுதியவர்களில் ஐம்பது விழுக்காடு மதிப்பெண்ணைத் தொட்டவர்கள் நூற்றுக்கு மூவரைச் சற்றே தாண்டினார்கள். அடுத்த ஆண்டும் ஏறத்தாழ அதுவேதான். குறைமதிப்பெண் பெற்றவர்களில் ஒரு பகுதியினரைப் பல்கலைக்கழகங்களே சேர்த்து, ஈடுசெய் பாடங்கள் நடத்தித் தயார்ப்படுத்த வேண்டியதாயிற்று. இந்த உண்மையை மறைக்காமல் வெளியிட்டது பெரிய துணிச்சல் என்றே நான் மதிக்கிறேன். முதலாண்டு ஆசிரியர் தம் பாடத்திட்டத்தின் முதல் மாதத்தைப் பள்ளிப் பாடத்துக்கே ஒதுக்க வேண்டும் என்பது இதிலிருந்து நேராக வரும் நடைமுறை. மோல் கருத்தும் விகிதக் கணக்கும் கைவராத மாணவருக்கு வெப்ப இயக்கவியல் நடத்திப் பயனில்லை.

அரசியல் நெருக்கடி வகுப்பறைக்குள் எப்படி வரும் என்பதையும் சொல்ல வேண்டும். எத்தியோப்பியாவில் மாணவரைப் பல்கலைக்கழகங்களுக்கு ஒதுக்குவது அமைச்சகம். ஒரோமியாவைச் சேர்ந்தவருக்கு அம்ஹாராவிலும், திக்ராயைச் சேர்ந்தவருக்குத் தெற்கிலும் இடம் கிடைக்கலாம். பல இனத்தவரும் சேர்ந்து படித்தால் நாடு ஒன்றுபடும் என்பது நோக்கம். அமைதிக் காலத்தில் அது அழகாகவே நடந்தது. நாடு கலங்கியபோது அதே ஏற்பாடு ஒவ்வொரு வளாகத்திலும் யாரோ சிலரைச் சிறுபான்மையாக்கி அச்சத்தில் தள்ளியது. 2016 அக்டோபரில் நெருக்கடிநிலை பிரகடனமானது. 2019 நவம்பரில் வடக்கே வோல்டியா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கொல்லப்பட்ட செய்தி வந்ததும், எங்கள் வளாகத்திலும் மாணவர்கள் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தார்கள். 2020 மார்ச்சில் பெருந்தொற்று எல்லா வளாகங்களையும் மூடியது. அதே ஆண்டு ஜூன் இறுதியில் பாடகர் ஹச்சாலு ஹுந்தேசா சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு நாடு முழுவதும் இணையம் வாரக்கணக்கில் நிறுத்தப்பட்டது. நவம்பரில் திக்ராயில் போர் மூண்டது. தொலைபேசியும் வங்கியும் அங்கே துண்டிக்கப்பட்டதால், என்னிடம் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த திக்ராய் மாணவர் ஒருவருக்குப் பல மாதங்கள் தாய் தந்தையர் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. அவருடைய அறைத்தோழர்கள், வேறு இனத்தைச் சேர்ந்தவர்கள், அவரைத் தனியாக வெளியே விடாமல் சாப்பாட்டுக்கூடம் வரை கூடவே போய்வந்தார்கள். செய்திகளில் வராத இந்த நட்பும் அந்த நாட்டில் உண்டு.

இத்தகைய சூழலில் பதினாறு வாரப் பருவத்தைத் தொடர்ச்சியான ஒரே கோடாகத் திட்டமிடுவது பயனற்றது. பாடத்தை மூன்று வாரத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அதன் சோதனை, தேர்வு, மதிப்பெண் ஆகியவற்றோடு அதிலேயே முடித்துவிட்டால், வளாகம் எப்போது மூடினாலும் முடிந்தது முடிந்ததாக நிற்கும். இறுதித் தேர்வுக்கு ஐம்பது மதிப்பெண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு அது நடக்கும் என்று நம்பியிருந்தவர்களின் மாணவர்கள்தான் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. மதிப்பெண் பட்டியலைக் கணினியில் மட்டும் வைக்காமல், ஒவ்வொரு துண்டு முடிந்ததும் தாளில் எழுதி, துறைத்தலைவரின் கையெழுத்துடன் ஒரு படி பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரு படி இணை ஆசிரியருக்கும் கொடுத்துவிட வேண்டும். நேர விஷயத்திலும் கவனம் தேவை. அங்கே பகலின் முதல் மணி சூரியன் எழும்போது தொடங்குகிறது, ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள். அறிவிப்புப் பலகையில் தேர்வு ‘மூன்று மணிக்கு’ என்று இருந்தால் அது நம் கடிகாரத்தில் காலை ஒன்பது.

இணையத்தை நம்பிப் பாடம் நடத்த முடியாது என்பதால், நான் ஒவ்வொரு விடுமுறைக்கும் சென்னையிலிருந்து வன்தட்டில் நூல்களும் காணொளிப் பாடங்களும் எடுத்துப்போனேன். இந்திய ஐஐடிகளும் அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் விரிவுரைகள் இலவசமானவை. அவற்றைத் துறையின் பழைய கணினி ஒன்றில் ஏற்றி, வளாகத்துக்குள்ளேயே இயங்கும் சிறு வலையமைப்பில் விட்டோம். வெளி இணையம் அறுந்த நாட்களில் அந்தக் கணினியைச் சுற்றித்தான் கூட்டம். ஆய்விதழ்களுக்கு ஹினாரி, அகோரா ஆகிய திட்டங்கள் உள்ளன. வறிய நாடுகளின் நிறுவனங்களுக்கு அவை 2002, 2003 முதல் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ பன்னாட்டு இதழ்களைத் தருகின்றன. எங்கள் பல்கலைக்கழகம் அவற்றில் பதிவு செய்திருந்தும், கடவுச்சொல் நூலகரின் மேசை அறையில் பூட்டப்பட்டிருந்ததால் ஆசிரியர்களுக்குத் தெரியவே இல்லை. போய்ச்சேர்ந்த முதல் வாரத்திலேயே நூலகரைச் சந்தித்துப் பேச வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மாணவியரைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் விட முடியாது. சேர்க்கையில் அவர்களுக்கு மதிப்பெண் சலுகை உண்டு. ஆனால் முதலாண்டு இறுதிக்குள் இடைநின்றுபோவோர் மிகுதியாக இருந்தார்கள். துறைக் கூட்டங்களில் இதற்குத் திறமைக் குறைவே காரணம் என்பதுபோல் பேசுவார்கள். அந்த மாணவிகளிடமே கேட்டபோது வேறு காரணம் வந்தது. நூலகத்திலிருந்து விடுதிக்குப் போகும் வழியில் விளக்கில்லை. இருட்டியதும் அவர்கள் நூலகத்தை விட்டுக் கிளம்பிவிடுவார்கள், மாணவர்களோ நள்ளிரவு வரை படிப்பார்கள். விடுதிக்குள்ளேயே ஒரு படிப்பறையும், மூத்த மாணவிகள் நடத்தும் மாலைப் பயிற்சியும் ஏற்பாடான பிறகு என் பாடத்தில் அவர்களின் தேர்ச்சி கண்கூடாக உயர்ந்தது. வழிவிளக்கு மட்டும் நான் இருந்த காலம் முடியும்வரை வரவே இல்லை. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

எல்லாவற்றையும் விடக் கடினமானது, வளர்த்தெடுத்தவர்களை இருக்கவைப்பது. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் அனுப்பப்படுகிறவர் திரும்பிவந்து பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதித் தருகிறார். ஆனால் விலைவாசி ஏறிய வேகத்துக்கு விரிவுரையாளரின் ஊதியம் ஈடுகொடுக்கவில்லை. 2017 அக்டோபரில் எத்தியோப்பிய நாணயமான பிர் 15 விழுக்காடு மதிப்புக் குறைக்கப்பட்டது. 2024 ஜூலை இறுதியில் சந்தைக்கே விடப்பட்டபோது, டாலருக்கு 57 பிர் என்றிருந்தது சில வாரங்களுக்குள் நூறைத் தாண்டியது. வெளிநாட்டில் படிக்கப் போனவர் திரும்பாததற்கு நாட்டுப்பற்றுக் குறைவைக் காரணம் சொல்வது அநியாயம். என் அனுபவத்தில், உள்நாட்டிலேயே பதிவு செய்து, ஆய்வுக்காலத்தில் சில மாதங்கள் மட்டும் வெளிநாட்டு ஆய்வகத்தில் இருந்துவிட்டு வருகிற முனைவர் திட்டங்களில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நிலைத்தார்கள். அவர்களுடைய ஆய்வுப்பொருள் உள்ளூர்ப் பொருளாகவும், குடும்பம் அதே ஊரிலும் இருந்தது. உதவித்தொகை தரும் அமைப்புகள் முழுக்கால வெளிநாட்டுப் படிப்பைக் குறைத்து இத்தகைய திட்டங்களுக்குப் பணம் தருவதே சரியென்று நினைக்கிறேன். நிர்வாகச் சுதந்திரமும் இதற்குத் தேவைதான். 2023-இல் அடிஸ் அபாபா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் தன்னாட்சிப் பல்கலைக்கழகமாகச் சட்டப்படி மாறியிருக்கிறது. ஆசிரியர் ஊதியத்தைத் தானே தீர்மானிக்கும் வழி அதற்கு எந்த அளவு திறக்கிறது என்பதை வெளியூர்ப் புதிய பல்கலைக்கழகங்கள் கவனித்துக்கொண்டிருக்கின்றன.

போக நினைப்பவர்களுக்கு இன்னும் சில. ஊதியத்தில் எத்தனை பங்கை வெளிநாட்டுச் செலாவணியாகத் தாயகத்துக்கு அனுப்பலாம் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வளாக அரசியலில் எந்த இனத்தின் பக்கமும் பேசாதீர்கள். ஆனால் அச்சத்தில் இருக்கிற மாணவருக்கு உங்கள் அறைக் கதவைத் திறந்தே வையுங்கள். சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்: டெஃப் மாவைப் புளிக்கவைத்துச் சுடும் இஞ்செரா, தோசைக்குப் பழகிய நாக்குக்குச் சீக்கிரம் பிடித்துப்போகும், நோன்பு நாட்களில் சைவ உணவு எங்கும் கிடைக்கும்.

போக இயலாதவர்கள் இங்கிருந்தே செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. புதிய பல்கலைக்கழகங்களில் முதுகலை ஆய்வேடுகளுக்கு இணை வழிகாட்டியும் புறத்தேர்வாளரும் கிடைப்பது அரிது. ஓய்வுபெற்ற நம் பேராசிரியர்கள் மாதத்தில் இரண்டு மாலைகளை ஒதுக்கினால் போதும். என்னோடு இணை ஆசிரியராகத் தொடங்கியவர்களில் ஒருவர் இப்போது அந்தத் துறையின் முதுகலைப் பிரிவை நடத்துகிறார். மாணவரின் வரைவை அவர் மின்னஞ்சலில் அனுப்புவார். நான் குறிப்பெழுதித் திருப்பியனுப்புவேன். இணையம் இருக்கிற நாளில் மூவரும் அரைமணி நேரம் பேசுவோம். போன பருவத்தில் வந்தது, எலும்புக்கரி வடிகட்டியை எத்தனை முறை புதுப்பித்துப் பயன்படுத்தலாம் என்ற ஆய்வு. அளவீடுகளை அந்த மாணவி துறையின் ஃபுளோரைடு மின்வாயில் எடுத்திருந்தார், சரிபார்ப்புக்கு ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மாதிரியை அலிசரின் முறையிலும் பார்த்திருந்தார். இரண்டுக்கும் இடையில் வந்த வேறுபாட்டுக்குச் சல்பேட்டு காரணமாக இருக்கலாம், நீரைப் பரிசோதித்துவிட்டு எழுதுங்கள் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.